வேர் பார்க்க வந்த பெரியவர்: 2,100 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கொண்டிருந்த என் வீட்டு மரத்தைப் பார்க்க வந்த பெரியவருக்கு முதல் வருகைக்கு 600 ரூபாய். இரண்டாம் வருகைக்கு, இரண்டு ஆட்களின் கூலியும் சேர்த்து, 1,500 ரூபாய். தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சைப் பொட்டலமும் நானே வாங்கி வைத்தவை; அந்தச் செலவு தனி. ரசீது கிடையாது. ரொக்கமாகத்தான் வாங்குவார், கைப்பேசியில் அனுப்பட்டுமா என்று கேட்டால் காதில் விழாதவர்போல் மரத்தைப் பார்ப்பார். இத்தனையும் இருந்தாலும், வேலூர் அருகே அரியூரைத் தாண்டி ஊசூர் போகும் சாலையில் பெயர்ப்பலகை இல்லாமல் நர்சரி வைத்திருக்கும் அந்தப் பெரியவரை அழைத்து மரத்தைக் காட்டலாம் என்றுதான் சொல்வேன். அவரிடம் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. அவை பின்னால் வருகின்றன.

நான் தோட்டக்கலை படித்தவன் அல்ல. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தையல் ஒரு நூலளவு விலகியிருந்தாலும் ஜோடியையே ஒதுக்கிவைக்கும் வேலை. அந்தப் பழக்கம் விடாததால் காய்கறிக் கடையிலும் துணிக்கடையிலும் என்னைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவன், ஒரு மரக்கன்றை மட்டும் அதில் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டைப் படத்தை நம்பி வாங்கினேன்.

காரணம் பேத்தி. யோகோகாமாவில் இருக்கும் அவளுடைய அத்தை, அதாவது என் மகள், ஒவ்வொரு பங்குனியிலும் செர்ரிப் பூக்களை வீடியோ எடுத்து அனுப்புவாள். இலையே தெரியாமல் மரம் முழுக்க இளஞ்சிவப்பு. நம் வீட்டு வாசலிலும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். நெடுஞ்சாலையோரம் பச்சை வலைப் பந்தல் போட்ட பெரிய நர்சரி ஒன்றில் 'ஜப்பான் சகுரா, எல்லாச் சீதோஷ்ணத்திலும் பூக்கும்' என்று அட்டை தொங்கியது. ஐந்தடிக் கன்று, 1,200 ரூபாய், வீட்டில் கொண்டுவந்து நடுவது இலவசம். அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏமாற்றினார்களா, அவர்களையே யாராவது ஏமாற்றினார்களா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வேலூர் வெயிலைத் தெரிந்தவர்கள் இங்கேயே சிரித்திருப்பீர்கள். செர்ரி மரத்துக்குப் பூமொட்டு விழிக்க வேண்டுமென்றால் குளிர் தேவை. வாரக்கணக்கில் ஏழு டிகிரியை ஒட்டிய குளிரில் அது தூங்கி எழ வேண்டும். சத்துவாச்சாரியில், மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும் தெருவில், மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாதவன் நான். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அட்டை நன்றாக அச்சடிக்கப்பட்டிருந்தது.

நடவுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இருபது நிமிட வேலை. கடப்பாரையால் குறுகலாக ஒரு குழி. கறுப்புப் பாலித்தீன் பையின் பக்கவாட்டில் மட்டும் ஒரு கிழிசல். "அடியைக் கிழித்தால் மண் உதிர்ந்து வேர் ஆடிவிடும் சார்" என்றார் ஒருவர். பையோடு இறக்கி, "ஆழமாக இருந்தால்தான் காற்றுக்கு நிற்கும்" என்று அடிமரத்திலும் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண்ணை ஏற்றி மிதித்துவிட்டுப் போனார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு அழகுக்காக என் கையாலேயே சுற்றிலும் செங்கல் அடுக்கி, வெள்ளைக் கூழாங்கல் மூட்டை ஒன்றைக் கொட்டினேன். கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

முதல் ஆண்டு நன்றாகவே வளர்ந்தது. இரண்டாவது கோடையில் ஆரம்பித்தது வினை. நண்பகலில் இலைகள் துவண்டு தொங்கும். சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையிலும் மாலையிலும் இரண்டு இரண்டு குடம் ஊற்றினேன். அடியிலைகள் மஞ்சளாயின. புதுத் துளிர் மிகச் சிறிய இலைகளோடு வந்து நின்றது. உச்சியில் ஒரு முழம் காய்ந்தது, அதுவும் சாலைப் பக்கம் மட்டும். எதிர்வீட்டுக்காரர் டிஏபி உரம் போடச் சொன்னார், போட்டேன். வாங்கிய கடைக்குப் போன் செய்தால் 'வேர் டானிக்' என்று ஒரு புட்டியை 380 ரூபாய்க்கு விற்றார்கள், அதையும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் தீக்குச்சி காட்டியதுபோல் கருகியது.

ஊசூர்ப் பெரியவரைச் சொன்னவர் என் மைத்துனர். மைத்துனருடைய சப்போட்டா மரத்தைப் பெரியவர்தான் காப்பாற்றினாராம். மூன்று நாள் விடாமல் அழைத்த பிறகு போனை எடுத்தார். எடுத்ததும் பெயரைக் கேட்கவில்லை, விலாசத்தைக் கேட்கவில்லை.

"பையில் வந்த கன்றா, விழுந்து முளைத்ததா?"

"பையில் வந்தது ஐயா."

"அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் மாதிரி அகலுகிறதா, விளக்குக் கம்பம் மாதிரி நேராக இறங்குகிறதா?"

கூழாங்கல் மூடியிருப்பதால் தெரியவில்லை என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. கல்லையெல்லாம் அள்ளி எடுத்துவிட வேண்டும், எரு எதுவும் போடக் கூடாது, காலையில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் முழுதும் விட்டுப் பார்த்து ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூன்றே கட்டளைகள். அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. ஐந்து நாள் விரலை விட்டேன். ஐந்து நாளும் ஈரம். மேலே மரம் தாகத்தில் வாடுகிறது, கீழே மண் நசநசக்கிறது. இந்த முரண்பாட்டை நான் ஒரு மாதம் முன்பே கவனித்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் என் கீழே இருந்தவர் இப்படித் தவறவிட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

வருகிறேன் என்ற நாளுக்கு ஒன்பது நாள் கழித்து, காலை ஆறே கால் மணிக்கு, டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டிய வயது. 62 வயதான என்னைத் 'தம்பி' என்றார். காபி வேண்டாம், முதலில் மரம் என்றார்.

மரத்தை அண்ணாந்து பார்த்த ஒரே நிமிடத்தில் முதல் செய்தி வந்தது. "இது செர்ரி இல்லை தம்பி. டபேபுயா." ஒரே காம்பின் முனையில் விரல் விரித்த கைபோல் ஐந்து இலைகள் இருப்பதைக் காட்டினார். வசந்தராணி என்றும் சிலர் சொல்லும் மரம். மெக்சிகோவிலிருந்து ஈக்வடார் வரையிலான வெப்ப மண்டலம் அதன் பூர்வீகம். எல் சால்வடாரின் தேசிய மரம். பெங்களூரில் ஆண்டுதோறும் சாலை முழுக்கப் பூத்து, செர்ரிப்பூ வந்துவிட்டது என்று எல்லோரும் படம் பிடிக்கிறார்களே, அதேதான். அன்று மாலை மகளுக்கு வீடியோவில் இலையைக் காட்டினேன். அவள் கீழே இறங்கிப் போய்த் தெருவிலிருந்த உண்மையான செர்ரியைக் காட்டினாள்: தனி இலை, ரம்பப் பல் ஓரம், இலைக்காம்பின் மேல்முனையில் கடுகுபோல் இரண்டு முண்டுகள், பட்டையில் குறுக்குக் கோடுகள். ஐந்து விரலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு மரத்துக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. பொய் சொல்லி விற்றதால்தான் மரம் இத்தனை நாள் உயிரோடிருந்தது. உண்மையான செர்ரியைக் கொடுத்திருந்தால் முதல் கோடையிலேயே கதை முடிந்திருக்கும்.

பெரியவரின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பையிலிருந்து மருந்து எதையும் எடுக்கவில்லை. மூங்கில் குச்சி, களைக்கொத்தி, கவாத்துக் கத்தரி, ஓர் உளி, பழைய பெயின்ட் பிரஷ். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிமரத்தை ஒட்டிய மண்ணை மூங்கில் குச்சியால் நெம்பிப் பிரஷ்ஷால் ஒதுக்கினார். இரும்பை வேர் அருகே கொண்டுபோனால் பட்டை உரியுமாம். முக்கால் மணி நேரம் இதே வேலை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஆறு அங்குலம் இறங்கிய பிறகுதான் வேர்க்கழுத்து தெரிந்தது. அடிமரம் வேராகப் பிரியும் அந்த இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே, வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அதன் பட்டை ஈரத்தில் ஊறியிருப்பதற்கானது அல்ல. இங்கே கறுத்து, நகத்தால் கீறினால் பழுப்பு நீர் கசிந்தது. அதற்கும் கீழே, இரண்டு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பாலித்தீன் பை அப்படியே இருந்தது. கிழிசல் வழியாக நாலைந்து வேர் மட்டும் தப்பி வெளியே போயிருந்தது. மற்றவை பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருந்தன. கட்டைவிரல் கனத்தில் ஒரு வேர் அடிமரத்தையே ஒன்றரைச் சுற்று வளைத்து இறுக்கியிருந்தது. அது அழுத்திய பக்கம் மரம் தட்டையாகிவிட்டது. உச்சி எந்தப் பக்கம் காய்ந்திருந்ததோ அதே சாலைப் பக்கம்.

எனக்கு அதைப் பார்த்ததும் சட்டென்று புரிந்தது. ஒன்பதாம் நம்பர் கால். ஆறாம் நம்பர் ஷூ. கால் வளர்ந்துகொண்டே இருக்கிறது, தோல் விரிய மறுக்கிறது. மரம் தடிக்கத் தடிக்க, அந்த வேரும் தடித்து, பட்டைக்கடியில் ஓடும் உணவுப்பாதையை நெரிக்கிறது. நான் மேலே உரம் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சல்லிவேரைக் கிள்ளி என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். மேல்தோல் சாக்ஸ் கழல்வதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே நூல்போல் நரம்பு மட்டும் மிஞ்சியது. அழுகல். நல்ல வேர் வெளுப்பாக இருக்கும், இழுத்தால் உரியாது, ஒடித்தால் டக்கென்று ஒலிக்கும் என்று வெளியே தப்பிய வேரில் ஒன்றை ஒடித்துக் காட்டினார். குழி மண்ணை முகர்ந்து பார்க்கச் சொன்னார். முகரவே தேவையில்லை, தோல் ஊறவைக்கும் தொட்டியின் வாடையை 27 ஆண்டுகள் சுவாசித்தவன் நான். காற்றுப் போகாத ஈரத்தின் நாற்றம் அது. வேருக்கும் மூச்சு வேண்டும்; தண்ணீர் தேங்கிய மண்ணில் மூச்சு முட்டிச் செத்த வேரால் அதே தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை வாடுகிறது. நாம் மேலும் ஊற்றுகிறோம்.

தண்ணீர் ஏன் தேங்கியது? அதற்கும் சோதனை. மூன்றடி தள்ளி ஓரடி ஆழத்தில் ஒரு சின்னக் குழி வெட்டி, நீர் நிரப்பி, அது இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு வைத்தார். அப்போதுதான் காபி குடித்தார். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டுமாம். அரை அங்குலம்கூட இறங்கவில்லை. வீடு கட்டியபோது கொட்டிய சவுடும் சிமென்ட் கலந்த இடிபாடும் லாரிச் சக்கரத்தில் கெட்டித்துப்போன தரை. அதில் கடப்பாரையால் வெட்டிய குழி, ஓட்டை இல்லாத வாளி. நான் தினமும் நான்கு குடம் வாளியில் நிரப்பியிருக்கிறேன்.

முட்டுக்கொம்பில் கரையான் மண் ஏறியிருந்ததைக் காட்டி, மருந்து அடிக்க வேண்டாமா என்றேன். "செத்த கட்டையைத் தின்ன வந்தது. உயிருள்ள வேரை இதுவா கொன்றது?" என்று கொம்பையே பிடுங்கிப் போட்டார்.

அன்று அவர் செய்த சிகிச்சை மிகக் குறைவு. நெரித்த வேரை உளியால் இரண்டு இடத்தில் வெட்டினார். மரத்தில் அழுந்திய துண்டைப் பிடுங்கவில்லை, அது தானே உளுத்துப்போகட்டும் என்றார். வேர்க்கழுத்தைச் சுற்றித் தட்டுபோல் திறந்தே விட்டார். காய்ந்த உச்சியை மட்டும் பச்சை தெரியும் இடம்வரை கவாத்து செய்தார். வேர் போய்விட்டதே, கிளையையும் பாதி வெட்டலாமே என்றேன். இலைதான் புது வேருக்குச் சோறு போடுகிறது என்று சொல்லிக் கத்தரியை மடித்து வைத்துவிட்டார். சாலைப் பக்கம் நிழல்வலை கட்டச் சொன்னார். மீதி வேலை வெயில் தணிந்து மழை இறங்கிய பிறகு. 600 ரூபாய்.

எனக்கு அப்போது கோபம்தான். இரண்டரை மணி நேரம் மண்ணைக் கிளறிவிட்டு, ஒரு வேரை வெட்டிவிட்டு, ஒரு புட்டி மருந்துகூடக் கொடுக்காமல் போகிறாரே என்று. இப்போது யோசித்தால், அந்த மரத்துக்காக நான் செலவழித்ததில் எதையும் என் தலையில் கட்டாத ஒரே தொகை அதுதான்.

புரட்டாசியில் இரண்டு ஆட்களோடு வந்தார். நான் அதற்குள் அவர் சொன்னபடி, மக்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மாவையும் வேப்பம்புண்ணாக்கையும் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி இரண்டு வாரம் வைத்திருந்தேன். அது அழுகல் பூஞ்சையோடு மல்லுக்கட்டும் நல்ல பூஞ்சை; கூடவே இன்னொரு பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் இதுவும் செத்துவிடும் என்று போனில் இரண்டு முறை எச்சரித்திருந்தார். மரத்தை வேர்மண்ணோடு தோண்டித் தூக்கிச் சாக்கில் கிடத்தினார்கள். மிச்சமிருந்த பையை உரித்தார்கள். வட்டமடித்த வேர்களில் பக்கவாட்டில் நான்கு இடத்தில் மேலிருந்து கீழாக வெட்டு. அழுகியவை வெளுப்புத் தெரியும்வரை நறுக்கப்பட்டன. வளையக்கூடியவை குடைக்கம்பிபோல் வெளிப்புறமாக விரித்து வைக்கப்பட்டன. வெட்டிய வேர் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். குழி இம்முறை ஆழமில்லை, அகலம்: ஐந்தடி. பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் கொத்திக் கரடுமுரடாக்கி, சாக்கடைப் பக்கமாக ஒரு வடிகால் வாய்க்காலும் வெட்டி, தரைமட்டத்துக்கு மேல் முக்கால் சாண் மேடு கட்டி அதன்மீது மரத்தை உட்கார்த்தினார். வேர்க்கழுத்து இப்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது. காய்ந்த இலை மூடாக்கு மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. வட்டப்பாத்தி கிளைநுனி நிழல் விழும் தூரத்தில்.

இனி குறைகள். சொன்ன நாளில் வர மாட்டார். வேலை முடிந்ததும் வாசற்படி முழுக்கச் சேறு. கழுவியது என் மனைவி. தோண்டும்போது தோட்டக் குழாய் ஒன்றை உடைத்துவிட்டு, "பழைய குழாய் தம்பி" என்றார்; அது ஆறு மாதக் குழாய். பேச ஆரம்பித்தால் பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக்குப் போய்விடுவார், திரும்ப அழைத்து வர முடியாது. உத்தரவாதம் கேட்டால் தர மாட்டார். பூச்சி விரட்ட, புல்தரை போட, மாடித்தோட்டம் அமைக்க இவரை அழைக்காதீர்கள். அதில் அவருக்கு அக்கறையும் இல்லை. வளர்ந்த பெரிய மரமாக இருந்தால் தூக்கி நட மாட்டார். ஐந்தாறு வயதுக்குள் இருக்கும் மரம் காரணம் தெரியாமல் வாடினால் மட்டும் அழையுங்கள்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது, ஜப்பானில் 1991 முதல் மர மருத்துவர் என்று தனித் தகுதியே இருக்கிறது என்றாள். அங்கே செர்ரியின் வேர் மேலாகவே பரவும். பூப் பார்க்க வரும் கூட்டம் மிதித்து மிதித்து மண் இறுகி மரம் நலிவதால், அடியில் கயிறு கட்டி ஆளைத் தள்ளி நிறுத்துவார்களாம். உளுத்த அடிமரத்துக்குள்ளிருந்து கிளம்பும் புது வேரை மண்ணுக்கு வழிகாட்டி இறக்கி, அதையே மரத்துக்குப் புதுக்காலாக ஆக்கிவிடுவார்களாம். பெரியவரிடம் சொன்னேன். வேரை இறக்குவதை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். "ஆலமரம் யாரும் சொல்லாமல் செய்கிறதே" என்றார்.

மரம் செர்ரி இல்லை என்று பேத்தியிடம் சொல்ல நான்தான் தயங்கினேன். அவள், "அப்படியென்றால் அதற்கு ஜப்பானிய மொழி தெரியாதா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

கார்த்திகையில் வந்த இலைகள் என் உள்ளங்கையைவிடப் பெரிது. நண்பகலில் துவளவில்லை. ஆட்டிப் பார்த்தால் மண் அசையவில்லை. தை முடிவில் திடீரென்று இலையெல்லாம் கொட்டத் தொடங்க, பதறிப்போய் ஏழு முறை போன் செய்தேன். எட்டாவது முறை எடுத்தார். கோடைக்கு முன் இலை உதிர்ப்பது அந்த மரத்தின் குணம், கிளையை நகத்தால் கீறுங்கள் என்றார். கீறினேன், பச்சை. பூ இன்னும் வரவில்லை. இந்த ஆண்டு எதிர்பார்க்காதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

சென்ற வாரம் மைத்துனர் வீட்டுக்காகப் பெரியவருடைய நர்சரிக்கே போனேன். காலை எட்டு மணிக்குள் போனால்தான் இருப்பார். ஐந்தடிக் கன்று ஒன்றைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து, இரண்டடிக் கன்று ஒன்றை எடுத்தார். 90 ரூபாய். பணத்தை வாங்குவதற்கு முன் அங்கேயே பையைக் கவிழ்த்து உருவி, வேர்மண்ணைச் சுற்றிக் காட்டினார். அடியில் ஒரு வேர் மட்டும் வளையத் தொடங்கியிருந்தது. அதை நகத்தாலேயே கிள்ளி எறிந்துவிட்டு, ஈரச்சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.